செல்வாவின் ஒரிஜினல் சுருதி

என் கீபோர்டுக்கு முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டு, வாசிக்க வேண்டாம் என்று சொன்னார்கள்.

சொன்னவர் அந்த வளாகத்தின் விழாக் குழுச் செயலாளர். இளைஞர், ஈரோட்டுப் பக்கம். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி. “கரன்ட் ஒயர் மட்டும் செருகிக்கோங்க மேடம். லைட் எரிஞ்சா வீடியோல அழகா வரும். சவுண்ட் ஒயர் வேண்டாங்க. சும்மா விரல அசைச்சுட்டு இருந்தீங்கன்னா போதுங்க” என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலே.

பக்கத்தில் முனி உட்கார்ந்திருந்தான். முனிராஜ், எங்கள் ட்ரம்மர். அவனுடைய ட்ரம்ஸ் மீது இரண்டு பேர் குளியல் டவல்களைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். கிளப் ஹவுஸில் எதிரொலி அதிகமாம், அடித்தாலும் கேட்கக் கூடாதாம். முனி பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் போனதும் என் பக்கம் சாய்ந்து, “அக்கா, ட்ரம்ஸுக்கு ஜுரம் போல” என்றான்.

வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடி வளாகம். பொங்கல் விழா. ஞாயிற்றுக்கிழமை பகல். வாசலில் இண்டக்‌ஷன் அடுப்பில் பொங்கல் வைத்து, அது பொங்குவதற்குள் கரன்ட் போய், ஜெனரேட்டர் வந்து, மறுபடி பட்டனை அழுத்தி, எப்படியோ குலவையிட்டு முடித்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பேனர். ‘ரெட்ரோ லைவ் பேண்ட்’ என்று எழுதியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருந்தோம். அந்த அளவில் அது லைவ்தான்.

மூன்றாவது ஆள் அப்போதுதான் மேடையேறினான். செல்வா. எங்கள் பாடகன். மின்னுகிற நீலச் சட்டை. தலைக்குப் போட்ட சாயம் காது மடலிலும் கொஞ்சம் இருந்தது.

“என்னா ரோஸி, ஸ்டேஜு சக்கத்தா, சூப்பரா இருக்குதுல்ல?”

“ஒயர் இல்லடா எனக்கு.”

“லேப்டாப் ட்ராக்ல அம்பது வயலின் வருது. உன் ஒத்த கீபோர்டுல எவ்ளோ வரும், சொல்லு? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டு மைக்கை ஊதிப் பார்க்கப் போய்விட்டான்.

மற்றவர்கள் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது. இவன் சொன்னது மட்டும் போகவில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பேண்ட் என்று ஒன்று இருந்தது

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆராதனைக்கு ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பெண், மர்பி டவுன் ஆர்கெஸ்ட்ராவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பதையும், அவளுடைய அப்பா அதற்காக எத்தனை மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதையும் இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். அந்தப் பெண் நான்தான். அதைப் படித்த பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். “மேடம், கொஞ்சம் கனிவா எழுதலாமே. பழைய நினைவுன்னா வாசகர்கள் கண்ணீரை எதிர்பார்ப்பாங்க” என்றார். கண்ணீர்தான் வேண்டுமென்றால் எங்கள் பேண்டின் கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

நாங்கள் நல்ல பேண்ட் இல்லை. இப்போது எல்லோரும் தங்கள் இளமைக்காலத்து பேண்டைப் பற்றி எழுதும்போது ஏதோ வானத்திலிருந்து இறங்கியவர்கள் மாதிரி எழுதுகிறார்கள். நாங்கள் மர்பி டவுனில், முனியின் மாமாவுடைய பந்தல் சாமான் குடோனில், சுருட்டிவைத்த ஷாமியானாக்களுக்கு நடுவே பயிற்சி செய்தோம். ஈரத் துணியும் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக் குஸ்காவும் கலந்த வாசனை. எந்தப் பாட்டை எடுத்தாலும் அந்த வாசனைதான் அடித்தது. கித்தார் வாசித்த டெரிக்குக்கு ஆறு கார்டு, அதாவது ஆறு கம்பிப்பிடி, தெரியும். ஏழாவது வந்தால் திரும்பி நின்றுகொண்டு ஒயரைச் சரிசெய்வான்.

நவம்பர் மாதம் எங்களுக்குப் பொற்காலம். கன்னட மாநிலம் பிறந்த மாதம், தெருவுக்குத் தெரு ராஜ்யோத்சவ மேடை. முதல் பாட்டு கன்னடத்தில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது பாட்டுக்கு மேடை இருக்காது. செல்வா கன்னடத்தில் பிரமாதமாகப் பாடுவான். படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவான், சண்டை போடுவான், ஆனால் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பாட்டுகளைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுவான். அதனால் இதையும் அவன் படிக்கப் போவதில்லை. முனிதான் படித்துக் காட்ட வேண்டும். முனி நல்லவன், திட்டுகிற இடங்களை விட்டுவிட்டுப் படிப்பான். அப்படியானால் செல்வாவுக்கு இந்த அத்தியாயம் மிகச் சின்னதாக இருக்கும்.

நிகழ்ச்சி முடிந்தால் என்னை ஸ்கூட்டரில் வீடு வரை கொண்டுவிடுவது செல்வாவின் வேலை. யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனே எடுத்துக்கொண்டது. அப்பா கதவைத் திறக்கும்வரை வண்டியை அணைக்காமல் நிற்பான். திறந்ததும் “குட் நைட் அங்கிள்” என்பான். அப்பா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. ஒரு நாளும் அவன் சொல்லாமல் போனதுமில்லை. அப்பா இறந்தபோது பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தவனும் அவன்தான். இதையும் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் மீதியை எழுத எனக்கு உரிமையில்லை.

ஒரு ஜலதோஷத்தில் ஆரம்பித்தது

ஃப்ரேசர் டவுனில் ஒரு கல்யாண வரவேற்பு. செல்வாவுக்கு ஜலதோஷம், தொண்டை கட்டியிருந்தது. அவனுடைய பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் ஞாபகம் வருகிற பாட்டு ஒன்று உண்டு. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் பாடிப் பார்ப்பீர்கள், உங்களுக்கும் எட்டாது. பல்லவி சாதுவாக இருக்கும். சரணத்தில் மூன்றாவது வரி மொட்டைமாடிக்கு ஏறும்.

கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் மொத்தப் பாட்டும் ஒரு படி கீழே இறங்கிவிடும். பாடுகிறவனுக்குச் சுகம், கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. அன்று அதை ஒருமுறை அழுத்தினேன். கித்தாரும் கூடவே இறங்க வேண்டுமே. கீபோர்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை மறைத்து டெரிக்குக்கு ஒரு விரல் காட்டினேன். டெரிக் தலையாட்டினான். அதைப் பார்த்த முனி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

செல்வா பாடினான். கைதட்டல் விழுந்தது. கீழே இறங்கியதும், “பாத்தியா, தொண்டை கட்டியும் ஒரிஜினல் சுருதியிலயே அடிச்சேன்” என்றான். நான் வாயைத் திறந்தேன். டெரிக் என் காலை மிதித்தான். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விட்டது. பொத்தான் அப்படியே இருந்தது. சில வருஷத்தில் ஒரு விரல் இரண்டு விரலாகியது, அப்புறம் மூன்று. செல்வாவுக்கு வயது ஏற ஏறப் பாட்டு இறங்கிக்கொண்டே வந்தது. எங்கள் மூன்று பேருக்குள் அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அவன் மைக்கைப் பிடித்துக் கூட்டத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பான், பின்னால் நான் விரல் காட்டுவேன். பேண்டில் இல்லாதவர்களுக்கு இது புரியாது. நீங்கள் ஏமாற்று என்பீர்கள். நாங்கள் வாசிப்பு என்றுதான் நினைத்தோம்.

இதில் எரிச்சல் தருவது அவனுடைய பெருமைதான். வேறு எந்தப் பாடகனைப் பற்றிப் பேச்செடுத்தாலும், “அவன் இறக்கிப் பாடறவன்” என்று உதட்டைப் பிதுக்குவான். யாரோ திருடிவிட்டதைச் சொல்லுகிற மாதிரி சொல்லுவான். நாங்கள் மூன்று பேரும் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நடுவர் செல்வா

ஒருமுறை அல்சூரில் ஒரு சங்கத்தில் பாட்டுப் போட்டி. செல்வா நடுவர். முடிந்தபின் எங்கள் நிகழ்ச்சி. ஒரு கல்லூரிப் பெண் நன்றாகவே பாடினாள். தன் குரலுக்குத் தக்கபடி கொஞ்சம் இறக்கிப் பாடினாள். அதுதான் புத்தியுள்ளவர்கள் செய்வது.

செல்வா மைக்கை வாங்கினான். “பாட்டு நல்லாருக்கும்மா. ஆனா சுருதிய கம்மி பண்ணிப் பாடறதுக்கு, பாடாம இருக்கறது மேல்” என்றான்.

அந்தப் பெண் மேடையிலேயே அழுதாள். அவளுடைய அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் நாங்கள் மேடையேறினோம். நான் டெரிக்குக்கு மூன்று விரல் காட்டினேன். செல்வா கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினான். அன்று அவனை எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கூட்டரில் ஏறாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். ஏன் என்று அவன் கேட்டதற்கு, தலைவலி என்றேன்.

பிறகு டிஜேக்கள் வந்தார்கள். டெரிக் ஆஸ்திரேலியா போனான். குடோனை விற்றுவிட்டார்கள். பேண்ட் கலைந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, நாங்களும் போகவில்லை.

பி பிளாக் மேடத்தின் அப்பா

வருஷங்கள் கழித்து, சென்ற மார்கழியில் செல்வாவிடமிருந்து போன். மகள் நிவேதிதாவின் வளாகத்தில் பொங்கல் விழா, பழைய பேண்ட் வேண்டும் என்றான். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவனிடம் நான் அதுவரை கேட்டதில்லை.

மனைவி இறந்தபிறகு அவன் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறான். பேரனைப் பள்ளி வேனிலிருந்து இறக்குவது, கறிவேப்பிலை வாங்கி வருவது, லிப்டில் யாராவது வந்தால் ஒதுங்கி நிற்பது. செக்யூரிட்டிக்கு அவன் ‘பி பிளாக் நிவேதிதா மேடம் அப்பா’. அதற்கு மேல் அவனைப் பற்றி அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. “ஒரே ஒரு வாட்டி ரோஸி. அவங்களுக்குத் தெரியட்டும்” என்றான். சரி என்றேன்.

அங்கே போனபிறகுதான் ட்ராக் விஷயம் தெரிந்தது. ட்ராக் என்றால் வாத்தியங்கள் எல்லாம் ஏற்கெனவே பதிவாகி லேப்டாப்பில் இருக்கும், பாடகன் மட்டும் மேலே பாட வேண்டும். குழுவினர் அதைச் சொன்னதும் செல்வா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் ஒப்புக்கொண்டிருக்கிறான். நாங்கள் பொம்மைகள். எனக்கு லைட் எரிந்தால் போதும். முனிக்கு டவல்.

மைக் சரிபார்க்கப் பல்லவியை மட்டும் பாடினான். ட்ராக் ஓடத் தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அசல் சுருதி. ஒரு படிகூட இறங்காத அசல்.

“டேய், ஸ்கேல் பாத்துக்கோ” என்றேன்.

“ஒரிஜினல்தானே?” என்றான். “நான் எப்ப வேற பாடிருக்கேன்?”

முனி என்னைப் பார்த்தான். நான் முனியைப் பார்க்கவில்லை. பாடட்டும் என்று நினைத்தேன். என் ஒற்றைக் கீபோர்டில் எவ்வளவு வரும் என்று கேட்டானே, அம்பது வயலின் அவனைத் தூக்கிவிடட்டும். அல்சூர்ப் பெண் அழுததும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பிப்பான், சொல்லாவிட்டால் மகளுக்கு முன்னால், லிப்டில் அவன் ஒதுங்கி வழிவிட்ட அத்தனை பேருக்கும் முன்னால் விழுவான். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வரி

பல்லவி நன்றாகவே இருந்தது. குரலில் இன்னும் அந்த இனிப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்வரிசையில் போனைத் தூக்கினார்கள். நிவேதிதா இரண்டாவது வரிசையில் பையனை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முனி டவல் மேல் தொப் தொப்பென்று அடித்துக்கொண்டிருந்தான்.

சரணம் வந்தது. முதல் வரி போனது. இரண்டாவது வரியில் கழுத்து நரம்பு தெரிந்தது. மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றான். பூனையை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. குழந்தைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

பேண்ட் என்றால் பாடகன் தடுமாறும்போது சமாளிக்கும். நான் இரண்டு சுற்று சும்மா வாசித்திருப்பேன், முனி ட்ரம்ஸில் ஒரு ரோல் உருட்டியிருப்பான், அதற்குள் அவன் மூச்சு வாங்கியிருப்பான். அந்த லேப்டாப் அவன் வாயைத் திறந்துகொண்டு நிற்க நிற்க, அம்பது வயலினோடு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு வரி நேரம் இருந்தது. பிறகு நிவேதிதாவைப் பார்த்தேன். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்தி போய்விட்டது.

செல்வா கையைக் காட்டி ட்ராக்கை நிறுத்தச் சொன்னான். ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஓடிவந்து இன்னொரு மைக்கை எடுத்தது. “சாரிங்க, சின்ன டெக்னிக்கல் பிராப்ளம்” என்றார் செயலாளர். அந்த மனிதர் அன்று செய்த ஒரே நல்ல காரியம் அது. செல்வா தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாம் லேப்டாப்பின் மேல் போயிருக்கும். நானும் ஆமாம் என்று சொல்லத் தயாராகிவிட்டேன்.

“பிராப்ளம்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்றான் செல்வா, மைக்கில். “ட்ராக் சரியாத்தான் இருக்குது. எனக்கு எட்டல.”

பிறகு திரும்பினான். அத்தனை வருஷத்தில் மேடையில் அவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நான் பார்த்ததில்லை. மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை.

“ரோஸி, நீ வாசி. அப்ப மூணு இறக்கி வெச்சிருந்தல்ல? இன்னிக்கு அஞ்சு இறக்கிக்கோ.”

முனிக்குத்தான் முதலில் உணர்வு வந்தது. டவல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டான். நான் எழுந்துபோய் லேப்டாப்பிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கி என்னுடையதைச் செருகினேன். லேப்டாப்காரர் ஏதோ சொன்னார், காதில் வாங்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே போனேன்.

நன்றாகப் பாடினானா என்று கேட்டால், சுமாராகப் பாடினான். மூன்றாவது வரி வந்தது, தாண்டினான். கைதட்டினார்கள். அடுத்து வந்த குழந்தைகள் டான்ஸுக்கு அதைவிட அதிகமாகக் கைதட்டினார்கள். செயலாளர் எங்களோடு செல்பி எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில்

டாக்சியில் முனி முன்சீட்டில். பின்னால் எனக்கும் செல்வாவுக்கும் குறுக்கே, மடியில் கீபோர்டு. வைட்ஃபீல்டு ரோட்டில் வண்டி நகரவில்லை. பகல் வெயில் கண்ணாடி வழியாக என் பக்கமே விழுந்தது.

“எப்பலேந்துடா தெரியும்?” என்றேன்.

“மொதல் நாளே தெரியும். ஃப்ரேசர் டவுன்ல. முனி மூஞ்சியப் பாத்தேன்.”

முன்சீட்டில் முனி இன்னும் கீழே சாய்ந்துகொண்டான்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. விரலை மறைத்து மறைத்துக் காட்டியதென்ன, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதென்ன, என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டு இவன் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெண்ணை அழவைத்ததென்ன. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்சி ஓட்டியவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். செல்வா ஒன்றையும் மறுக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது மட்டும், “அது தப்பு” என்றான்.

“லேப்டாப்லயும் இறக்கலாமேடா. அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“மைக் செக் முடிஞ்சதும் முனியும் அதான் சொன்னான். சொல்றதுக்கு வாயத் தொறந்து கேக்கணுமே, ரோஸி. பல்லவி நல்லா வந்துச்சு, ஏறிடலாம்னு நெனச்சேன்.”

“எங்கிட்டயாவது அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொன்னா ஒவ்வொரு வாட்டியும் உங்கிட்ட வந்து கேட்டு நிக்கணும். நீயே இறக்கிட்டு இருந்த. அதுவே நல்லாருந்துச்சு.”

“கேட்டா என்னடா கொறஞ்சு போயிருப்ப?”

அவன் தன் பக்கத்துக் கீபோர்டு முனையைத் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டான்.

“இன்னிக்குக் கேட்டேன்ல” என்றான். “எம்பொண்ணு முன்னாடி.”